டிஸ்ப்ளே வரல

பழுது பார்த்த கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து இதை எழுதிக்கொண்டு வருகிறேன். முன்பக்கத்திலிருந்து கணக்கு, பின்பக்கத்திலிருந்து இது.

*

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கோவில்பட்டியில் மழை நாளில் என் கடைக்கு வேலை கூடும். கரண்டு போய்ப் போய் வருவதால் பாதி, ஈரத்தால் பாதி. சிபியூவைப் பாலிதீன் உறையில் சுற்றி, வண்டியின் முன்னால் நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு வருகிறார்கள். படியேறியதும் சொல்வது ஒன்றுதான்: "டிஸ்ப்ளே வரல."

"ஃபேன் சுத்துதா? சவுண்டு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பேன். பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்கள் மேல் குறையில்லை. திரை கறுப்பாக இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, காதைக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை.

*

காலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆட்டோவில் வந்தார். 2009-இல் வாங்கிய அசெம்பிள் செட். ஜி31 போர்டு, டிடிஆர்2 ரேம், 17 இஞ்ச் எல்சிடி. அந்த வருடங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே போர்டைத்தான் கழற்றினேன். திருகாணி இருக்கும் இடம்கூட விரலுக்குத் தெரியும்.

"உள்ளே என்ன சார் இருக்கு?"

"சொல்லு இருக்கு தம்பி."

கமலை இறைத்த காலத்துச் சொற்கள், வண்டி மாட்டுச் சொற்கள், களத்துமேட்டுச் சொற்கள். இடைசெவல் இங்கிருந்து பக்கம். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாகத் தொகுத்ததைப் பார்த்துத்தான் இவருக்கும் அந்த ஆசை வந்ததாம். தன் ஊரைச் சுற்றி மட்டும் புழங்கிய சொற்களைத் துண்டுத்தாளில் குறித்துவந்து, ராத்திரியில் தட்டச்சு செய்து சேர்த்திருக்கிறார். பம்புசெட்டு வந்த பிறகு கமலை போனது. சாலும் வடமும் வால்கயிறும் போயின. பொருள் போன பின்னால் சொல் கொஞ்ச நாள் வாயில் இருக்கும், அந்த வாயும் போனால் முடிந்தது என்றார்.

இன்னொரு பிரதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே பதில் இருந்தது.

*

முதலில் செய்ய வேண்டியது பழுது பார்ப்பது அல்ல. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் மேசையில் இருக்கும் மெஷினில் மாட்டினேன். ஹார்டு டிஸ்க் வேறு, டிஸ்ப்ளே வேறு. திரை இருண்டதால் உள்ளே எழுதிவைத்தது அழியாது. இதை வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், யாருக்கும் மனம் ஆறுவதில்லை. கண்ணால் பார்த்தால்தான்.

ஃபைல் திறந்தது. திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. "போச்சா தம்பி?" என்றார். குரல் எழும்பவில்லை.

போகவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரியும். யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் 1991-லேயே வந்துவிட்டது. ஆனால் டிடிபி சென்டர்களில் பழகிய கைகள் பாமினியை எளிதில் விடவில்லை. எழுத்துருவைப் போட்டுவிட்டு மறுபடி திறந்தேன். முதல் பக்கத்தில் 'அகப்பை' இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பென் டிரைவ் இரண்டில் ஏற்றினேன். ஒன்று அவருக்கு, ஒன்று நான் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ள. இனி எத்தனை நாள் ஆனாலும் பதற்றம் இல்லை. பதற்றத்தோடு திருகாணியைத் தொடக் கூடாது.

*

மழை.

*

மானிட்டரில் கோளாறில்லை. போட்டவுடன் 'நோ சிக்னல்' என்ற கட்டம் ஒன்று மிதந்தது. பிறகு விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, அது உறங்கப்போனது. தனக்கு எதுவும் வந்துசேரவில்லை என்று அது வாய்விட்டுச் சொல்லிவிட்டது. நல்ல சாட்சி.

இந்தக் கட்டம்கூட வராமல் இருண்டு கிடந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்ப்பேன். பழைய எல்சிடியில் பின்விளக்கு மட்டும் போயிருந்தால், வெளிச்சம் படும் இடத்தில் மங்கலாகப் படம் தெரியும். ஒருமுறை அப்படித்தான், முழுசாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் இருட்டுக்குள் நின்றிருந்தது.

விஜிஏ கேபிளையும் பார்த்தேன். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த வகை. இதற்கு நீலத்தலை, 15 ஊசி, இரண்டு பக்கமும் திருகு. சென்ற மாதம் ஒரு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கொண்டுவந்ததில் இந்தத் திருகைத் திருகாமல் விட்டதுதான் முழுப் பழுதும். அதற்குக் கூலி வாங்கவில்லை.

*

சார் மறுநாளும் வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் வேலை செய்வதைப் பார்க்க ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. உட்காருங்க சார் என்றேன்.

*

பவர் பட்டனைத் தொட்டதிலிருந்து திரையில் முதல் எழுத்து வருவது வரை என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது புதிதாகத் தெரிந்தது.

பட்டன் நேராக எதையும் ஓடவிடுவதில்லை. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு, பச்சை வயர் வழியாக 'எழுந்திரு' என்று தகவல் போகிறது. 12, 5, 3.3 வோல்ட்டுகளை அது எழுப்பி நிறுத்துகிறது. நிறுத்தியதும் போர்டு ஓடத் தொடங்கிவிடாது. வோல்ட்டேஜ் ஆடாமல் நிற்கிறதா என்று அந்தப் பெட்டியே கொஞ்சம் பொறுத்துப் பார்த்துக்கொள்ளும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி நொடி. பிறகுதான் சாம்பல் வயரில் 'சரி' என்று அனுப்பும். அதுவரை பிராசஸரை எழவிடாமல் பிடித்து வைத்திருப்பார்கள்.

பிடி விட்டதும் பிராசஸருக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. தன் பெயர் தெரியாது, எந்த போர்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது, ரேம் இருக்கிறதா என்றும் தெரியாது. அந்த முகவரிக்குப் போகிறது. 16 பைட்டில் எவ்வளவு எழுதிவிட முடியும்? இன்ன இடத்துக்குப் போ என்ற ஒரு கட்டளை. அங்கே போனால் பயாஸ் சிப்பில் மீதி இருக்கிறது.

அந்த நேரத்தில் ரேம் பழக்கத்துக்கு வந்திருக்காது. குறித்து வைத்துக்கொள்ளத் தாள் இல்லாமல் கணக்குப் போடுவது போல, பிராசஸர் தன்னிடமே இருக்கும் சிறிய கேஷை வைத்துச் சமாளிக்கும். அதைக்கொண்டு ரேமைத் தேடும். எத்தனை ஜிபி, என்ன வேகம் என்று ரேம் அட்டையின் ஓரத்திலிருக்கும் சின்னச் சிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். சரிப்பட்ட பிறகுதான் திரையை நினைக்கும்.

இவ்வளவும் இருட்டில் நடக்கிறது. திரைக்கு முறை வருவது கடைசியில். ஆகவே 'டிஸ்ப்ளே வரல' என்றால் இந்த நீளமான வழியில் எங்கோ ஓரிடத்தில் நடை நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். எந்த இடத்தில் என்று அந்தக் கறுப்பு சொல்லாது.

சார் துண்டுத்தாளில் ஏதோ எழுதினார். "'எழவிடாமல் பிடிச்சு வச்சிருப்பாங்க'ன்னீங்களே, யாரு பிடிக்கா?" என்றார். சாம்பல் வயர்தான் சார் என்றேன். தொழிலில் நாங்கள் எல்லாவற்றையும் ஆளாக்கித்தான் பேசுகிறோம். அவர் கேட்டபின்தான் கவனித்தேன்.

*

திரைக்கு முன்னால் அதற்கு இருக்கும் ஒரே குரல் பீப். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் முதல் பிசியை வெளியிட்டபோதே அந்த வழக்கம் உண்டு. சோதனை எல்லாம் சரியென்றால் ஒரு சின்ன பீப். நீளமும் குட்டையும் மாறினால் குறை. இப்போதைய போர்டுகளில் ஸ்பீக்கர் வைத்து விற்பதேயில்லை, சின்னச் சின்ன விளக்கு வைக்கிறார்கள். அந்தக் குரல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. விளக்கைக் குனிந்து தேட வேண்டும், குரல் தானாக வந்து சேரும்.

என்னிடம் விரல்நுனி அளவு பஸ்ஸர் ஒன்று இருக்கிறது. இரண்டு வயர், நுனியில் ஒரு கறுப்பு உருளை. அதை சாரின் போர்டில் செருகினேன். பவர் கொடுத்தேன். ஃபேன் சுற்றியது. பீப் இல்லை.

ரேமைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன். ரேம் இல்லாத போர்டு நீளநீளமாகக் கத்த வேண்டும். கத்தினால் நல்லது. பிராசஸர் எழுந்து, பயாஸைப் படித்து, ரேமைத் தேடி, காணாமல் கேட்கிறது என்று அர்த்தம். பிள்ளை பிறந்ததும் அழுகிறதா என்று பார்ப்பது போலத்தான். அதனால்தான் வேண்டுமென்றே கழற்றுவது.

கத்தவில்லை.

*

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இதை நான் நல்ல விலை கொடுத்துக் கற்றேன். என் விலை அல்ல, இன்னொருவர் விலை.

தொழிலுக்கு வந்த புதிது. ஒரு கல்லூரி மாணவியின் அப்பா சிஸ்டம் கொண்டுவந்தார். டிஸ்ப்ளே வரல. நான் ரேமைப் பிடுங்கி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், பேட்டரியைக் கழற்றினேன், எல்லாம் கால்மணி நேரத்துக்குள். வரவில்லை. "போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டேன். பருத்தி போட்ட பணத்தில் புது போர்டு வாங்கினார். பழையதை என்னிடமே விட்டுப்போனார். இரண்டு மாதம் கழித்து, ஓய்வாக இருந்த ஒரு மதியம் அதை எடுத்துப் பார்த்தேன். பிராசஸருக்குப் பக்கத்தில் செருகுகிற நான்கு ஊசி 12 வோல்ட் கனெக்டரை அவசரத்தில் நானேதான் திரும்பச் செருகாமல் விட்டிருந்தேன். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. முதலில் இருந்த குறை ரேம் காலில் அழுக்கு.

போர்டை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்கே போனேன். நடந்ததைச் சொன்னேன், போர்டு விலையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியின் சூடு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதற்குப் பிறகு நோட்டில் எழுதாமல் எதையும் கழற்றுவதில்லை. ஒன்றைக் கழற்று, பவர் கொடு, பார், எழுது, கரண்டைத் துண்டி, பிறகு அடுத்தது. சார் இந்த முறையைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு சொல்லை ஒரு ஆளிடம் மட்டும் கேட்டு எழுதுவதில்லை என்றார். மூன்று ஊரில் மூன்று பேரிடமாவது கேட்பாராம்.

*

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எடுத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஓடவிட்டேன். மீட்டரில் 11.92. ஐந்துக்கு 5.04. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம், அதற்குள் இருக்கிறது. குறை அங்கே இல்லை.

*

மூன்றாம் நாள் கண்டுகொண்டேன். தேடிக் கண்டதல்ல. போர்டை வெளியே எடுத்து, தூசியை பிளோயரில் ஊதி, ஜன்னல் பக்கம் திருப்பியபோது வெளிச்சம் ஒரு கப்பாசிட்டரின் தலையில் வித்தியாசமாக விழுந்தது. மற்றவை தட்டையாக மின்ன, அது மட்டும் மேடாக மின்னியது. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் குறைவாக. பிராசஸர் சாக்கெட்டை ஒட்டி, ஃபேனின் சூட்டுக்காற்று படும் இடம்.

"உப்பியிருக்கு சார்."

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலால் தொடப்போனவர், கேட்டுவிட்டுத் தொட்டார்.

உள்ளே ஈரமான ரசாயனத்தில் நனைந்த சுருள் அது. வருடக்கணக்கில் சூடு பட்டால் காயும், காற்று சேரும். வெடிக்காமல் மெல்லப் பிரியட்டும் என்று தலையில் கீறல் போட்டே செய்கிறார்கள். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் செய்த போர்டுகளில் இவை உலகம் முழுக்கக் கூட்டம் கூட்டமாக உப்பின. இது அந்தக் காலத்துக்குப் பிந்திய போர்டு. இதற்கு நம் ஊர் வெக்கையும் தூசியும் போதும்.

இதன் வேலை பிராசஸருக்குப் போகும் கரண்டை ஆடாமல் பிடித்துக்கொள்வது. பிராசஸர் ஒரு கணம் நிறையக் கேட்கும், மறுகணம் கொஞ்சம் கேட்கும். கம்மாய் நிறைந்திருந்தால் மடையில் தண்ணீர் ஒரே சீராகப் போகும். தூர்ந்துபோனால் துள்ளித் துள்ளி வரும். சாரிடம் அப்படித்தான் சொன்னேன். உடனே புரிந்தது.

*

6.3 வோல்ட், 1,000 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்குவது. இரண்டு எடுத்து வைத்தேன். ஈயக்கோலைச் சூடாக்கினேன்.

நான் வைக்கும் ஈயக்கம்பியில் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி வேண்டும். காரீயத்துக்கு 327. இந்த அளவில் இரண்டும் கலந்தால் 183-லேயே உருகிவிடும். தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்திருக்கும்போது இளகுகிறது. எத்தனை வருடம் ஆனாலும், கம்பி நுனி சட்டென்று மின்னித் துளியாகும் கணத்தை நான் அலட்சியமாகப் பார்த்ததில்லை.

"ஈயம் பூசலையோன்னு தெருவுல ஒருத்தர் வருவாரு," என்றார் சார். "துருத்தி வச்சு ஊதி, நவச்சாரம் போட்டு, பித்தளைப் பானைக்குள்ள துணியால ஒரு சுத்து. அப்படியே நிலா மாதிரி வெளுத்துப்போகும். நீங்க அதை என்ன சொல்றீங்க, பூசறதுன்னா?"

"வைக்கிறது சார். ஈயம் வைக்கிறது."

எழுதிக்கொண்டார்.

பழையதைக் கழற்றும்போதுதான் கவனம் வேண்டும். ஓட்டைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு கூடவே வந்துவிட்டால் போர்டு முடிந்தது. கோலை வைத்து, ஈயம் முழுக்க இளகும்வரை இழுக்காமல் காத்திருக்க வேண்டும். இழுத்தால் வராது. இளகினால் தானே வரும். இந்தச் சில நொடிகளில் நான் மூச்சு விடுவதில்லை என்று சார் சொல்லித்தான் தெரிந்தது. மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டுமுறை பார்த்துப் புதியதை வைத்தேன்.

*

ரேம் இல்லாமல் பவர் கொடுத்தேன். ஃபேன் சுற்றியது. ஒரு நொடி. இரண்டு நொடி.

கத்தியது. நீளமாக, நிறுத்தி, மறுபடி நீளமாக.

"என்ன தம்பி, ஏதோ கோளாறா?"

"இல்ல சார். போர்டு மூச்சு விடுது."

*

ரேமை மாட்டினேன். அதே கத்தல். இப்போது பயமில்லை, கேள்வி தெளிவாக இருக்கிறது.

டிடிஆர்2 அட்டையில் 240 கால். தங்கப்பூச்சு, ஆனாலும் ஈரமும் தூசியும் சேர்ந்து அதன்மேல் ஒரு படலம் வரும். பள்ளிக்கூட ரப்பரின் மெத்தென்ற பக்கத்தால் ஒரே போக்கில் மெல்லத் தேய்க்க வேண்டும். மை அழிக்கும் சொரசொரப் பக்கம் ஆகாது, பூச்சையே எடுத்துவிடும். தேய்த்தபின் துகளைத் துடைத்துவிட வேண்டும். அதற்கு முன்பு கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்வேன், கையிலிருக்கும் மின்னேற்றம் இறங்கிவிட.

தேய்த்துக்கொண்டே, ரேம் எப்படி நினைவில் வைக்கிறது என்று சொன்னேன். ஒவ்வொரு பிட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கப்பாசிட்டர், கதவு போல ஒரு டிரான்சிஸ்டர். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு 1966-இல் தோன்றிய யோசனை, 1968-இல் காப்புரிமை கிடைத்தது. அந்தச் சின்னக் குடம் கசியும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொன்றையும் படித்து, படித்ததையே திரும்ப எழுத வேண்டும். நொடிக்குப் பதினைந்து தடவை முழுசும் திரும்பச் சொல்லப்படுகிறது. சொல்வது நின்றால் மறந்துவிடும்.

சார் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, தன் பாட்டி பேசிய சொற்களைத் தன் பேரன் முன்னால் வேண்டுமென்றே பேசுவதுண்டு என்றார்.

*

ஒரு சின்ன பீப்.

மானிட்டரின் விளக்கு ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறியது. கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து. போர்டின் பெயர், பிராசஸரின் பெயர், ரேம் எண்ணிக்கை. அதற்குக் கீழே, தேதியும் நேரமும் தவறு என்று ஒரு வரி.

பொத்தான் பேட்டரி ஓய்ந்துவிட்டது. 3 வோல்ட் இருக்க வேண்டியதில் 2.1 காட்டியது. கரண்டு இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அது. பக்கத்தில் அரிசியளவு ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு நொடி. பேட்டரி போனதும் எண்ணிக்கை நின்றிருக்கிறது. திரையில் 2009 ஜனவரி 1.

"இதை வாங்கின வருசம்," என்றார் சார்.

ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன். விண்டோஸ் மெதுவாக எழுந்தது. ஃபைல் தமிழிலேயே திறந்தது. அவர் ஸ்டூலை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாள்களை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். உப்புதல். ஈயம் வைத்தல். ரப்பர் போடுதல். என் வாயிலிருந்து மூன்று நாளில் எடுத்தவை.

"'போர்டு மூச்சு விடுது' — இதை எப்ப சொல்வீங்க தம்பி? ஃபேன் சுத்தும்போதா?"

"இல்ல சார். ஃபேன் எதுக்கும் சுத்தும். பீப் வந்து, டிஸ்ப்ளே இன்னும் வராம இருக்கும்ல, அப்ப."

இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். புதுப் பேட்டரி என் உள்ளங்கையில் இருந்தது. அதை மாற்ற மெஷினை அணைக்க வேண்டும்.

"அணைக்கலாமா சார்?"

"இந்த ஒண்ணை முடிச்சுக்கிடுதேன்."